திருவிடந்தைக்குத் திரும்பாத மாலை

1

வெளிநாட்டில் குடியேறியவர்கள் ஊருக்கு எழுதுகிற குறிப்புகளில் முதல் பத்தியில் குளிர் வரும், இரண்டாவதில் ஃபில்டர் காபி வரும், மூன்றாவதில் கண்ணீர் வரும். எனக்குக் காபி மட்டும்தான் ஒத்துக்கொள்ளும். அதனால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

2003 நவம்பரில், மெல்பர்னில், ஒரே வாரத்தில் எனக்கு இரண்டு சேதிகள் வந்தன. ஒன்று, நீதிமன்றத்திலிருந்து தபாலில் வந்த ஒற்றைத் தாள். எனக்கும் என் மகள் அனுவின் அப்பா ரவிக்கும் நடந்த திருமணம் இன்ன தேதியோடு முடிந்தது என்று அதில் இருந்தது. ஒரு பக்கம் மின்சாரக் கட்டணம், இன்னொரு பக்கம் பீட்சாக் கடை விளம்பரம், நடுவில் இது. தெருவில் ஒரு பூனையைக் காணோம் என்றால்கூட இங்கே கம்பத்துக்குக் கம்பம் போஸ்டர் ஒட்டுகிறார்கள். புருஷன் காணாமல் போனதற்குச் சாதா தபால்தான்.

இரண்டாவது, செங்கல்பட்டிலிருந்து அம்மாவின் போன். "விமலா, தை வந்தா உனக்குக் கல்யாணம் ஆயி பத்து வருஷம் ஆவுது. பெருமாளுக்கு இன்னும் மாலைய திருப்பிக் குடுக்கல. நீ, மாப்பிள்ள, பாப்பா மூணு பேரும் கெளம்பி வாங்க. எதுனா சாக்கு சொன்னீனா போன வச்சிடுவேன்" என்றாள். நான் வாயைத் திறக்கும் முன்பே வைத்தும் விட்டாள்.

விவாகரத்து ஆனது அம்மாவுக்குத் தெரியாது. நானும் ரவியும் தனித்தனி வீட்டில் இருக்க ஆரம்பித்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இந்த நாட்டில் கல்யாணம் செய்துகொள்ள ஒரு மாத நோட்டீஸ் போதும். பிரிவதற்கு மனுப் போட வேண்டுமென்றால் ஒரு வருஷம் பிரிந்து வாழ்ந்து காட்ட வேண்டும். ஓட்டுநர் உரிமம் மாதிரி, ஓட்டிக் காட்டினால்தான் தருவார்கள். நாங்கள் முதல் தடவையிலேயே தேறிவிட்டோம்.

ஏன் பிரிந்தீர்கள் என்று கேட்பீர்கள். ரவி குடிக்க மாட்டார், அடிக்க மாட்டார், சம்பளத்தை ஒழுங்காக வீட்டில் கொடுப்பார். இந்த மூன்றையும் சொன்னால் செங்கல்பட்டில், "அப்பறம் இன்னாடி கொற?" என்பார்கள். எந்த வீடு, எந்த ஊர், எனக்கு எந்த வேலை, குழந்தைக்கு எந்தப் பள்ளி, எல்லாவற்றையும் அவர் முடிவு செய்துவிட்டு வந்து தகவல் சொல்வார். ஏழு வருஷம் நான் அந்த வீட்டில் தகவல் வாங்குகிற ஆளாக இருந்தேன். ஒருநாள் நானும் ஒரு முடிவெடுத்துத் தகவல் சொன்னேன்.

கோயம்புத்தூரில் இருந்த அவர் வீட்டாரும் சொந்தக்காரர்களிடம் இதை மூடி மறைத்தார்கள். "ரவிக்கு சிட்னிக்கு மாத்தல், அடிக்கடி போய் வர்றான்" என்று சொல்லிவைத்திருந்தார்கள். கல்யாணத்தின்போது பந்தியில் பாயசம் முதலா கடைசியா என்பதில்கூட ஒத்துப்போகாத இரண்டு பக்கமும், எங்கள் பக்கம் நான் ஒருத்திதான் என்றாலும், இந்த ஒரு விஷயத்தில் சொல்லிவைத்தாற்போல் நடந்துகொண்டன.

2

மாலைக் கதையைச் சொல்லிவிடுகிறேன். கோவளத்திலிருந்து மாமல்லபுரம் போகிற வழியில் இருக்கிறது திருவிடந்தை. அங்கே பெருமாளுக்கு நித்திய கல்யாணம். கல்யாணம் தள்ளிப் போகிறவர்கள் மாலை வாங்கிக்கொண்டு போய்ச் சாமிக்குச் சாத்தி, அதைத் திரும்ப வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டு கோயிலை ஒன்பது சுற்று சுற்ற வேண்டும். மாலையை வீட்டில் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். கல்யாணம் ஆனதும் பெண்ணும் மாப்பிள்ளையும் ஜோடியாக அந்தக் காய்ந்த மாலையை எடுத்து வந்து, மறுபடி சுற்றி, கோயிலின் பின்பக்கத்து மரத்தடியில் சேர்த்துவிட வேண்டும். அவ்வளவுதான் ஒப்பந்தம்.

தொண்ணூற்று மூன்றில் எனக்கு இருபத்துநான்கு வயது. செங்கல்பட்டுக் கணக்கில் அது நாற்பது. அம்மா என்னை இரண்டு பஸ் மாற்றி அழைத்துப் போனாள். கழுத்தில் மாலையோடு ஒரு கூட்டமே பிராகாரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது. வங்கி குமாஸ்தா மாதிரி இருந்தவர்கள், வாத்தியார் மாதிரி இருந்தவர்கள், என்னைப் போலத் தலையைக் குனிந்துகொண்ட பெண்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அந்த வரிசையிலேயே முன்னால் போகிறவரையும் பின்னால் வருகிறவரையும் நிறுத்தி ஒரு வார்த்தை பேசவிட்டிருந்தால் பாதிப் பேருக்கு அங்கேயே முடிந்திருக்கும். தரகர்கள் பிழைப்புப் போய்விடும் என்றுதான் யாரும் அதைச் செய்யவில்லை போலிருக்கிறது.

பெருமாள் சொன்ன சொல் தவறவில்லை. மூன்றே மாதத்தில் மெல்பர்ன் வரன் வந்தது. தையில் கல்யாணம். நாலாம் நாள் ரவி விமானம் ஏறிவிட்டார், லீவு அவ்வளவுதான். ஜோடி இல்லாமல் மாலையைத் திருப்ப முடியாது. எட்டு மாதம் கழித்து எனக்கு விசா வந்தபோது, "மாலை உங்கூடத்தான் இருக்கணும். ரெண்டு பேரும் வரச்சொல்லோ எடுத்துகினு வாங்க" என்று அம்மா அதை மஞ்சள் துணியில் சுற்றி, மிளகாய்த்தூளுக்கும் வடகத்துக்கும் நடுவில் வைத்து அனுப்பினாள்.

மெல்பர்ன் விமான நிலையத்தில் வெளியூர்ச் செடி கொடிகளைத் தடுப்பதற்கென்றே ஓர் இலாகா இருக்கிறது. கையுறை போட்ட அதிகாரி மஞ்சள் துணியைப் பிரித்தார். காய்ந்த துளசி, காய்ந்த சம்பங்கி, வாழைநார். சாப்பிடுகிற பொருளா என்றார். இல்லை என்றேன். மருந்தா என்றார். இல்லை. அலங்காரப் பொருளா? அதுவும் இல்லை. அவருடைய படிவத்தில் இருந்த கட்டங்கள் தீர்ந்துவிட்டன. சாமியுடையது, திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் விளக்கினேன். எங்கே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று கேட்டார். இந்தியாவில் என்றேன். மனுஷர் என்னை மரியாதையாக ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "அப்படியென்றால் இதை ஏன் இங்கே கொண்டுவந்தீர்கள்?" என்று கேட்டார்.

மாலையை எரித்துவிட்டார்கள். வெளியே காத்திருந்த ரவியிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். "வடகத்தை விட்டானே, அது போதும். உங்க அம்மாகிட்ட இதைச் சொல்லாதே" என்றார். தம்பதியாக நாங்கள் சேர்ந்து காப்பாற்றிய ஒரே ரகசியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

இடையில் இரண்டு தடவை ஊருக்கு வந்தேன், இரண்டும் ரவி இல்லாமல். அப்பா போனபோது ஒன்று, அனு பிறந்த பிறகு ஒன்று. "மாலை பத்திரமா கீதா?" என்று அம்மா கேட்பாள். "சாமி அலமாரில இருக்கும்மா" என்பேன். எந்தச் சாமி அலமாரி? அங்கே நாங்கள் சாமி வைத்திருந்தது மைக்ரோவேவ் அடுப்பின் தலையில்.

3

2004 ஜனவரியில், அனுவின் ஆஸ்திரேலியக் கோடை விடுமுறையில், செங்கல்பட்டில் வந்து இறங்கினோம். ரவி வேலையை முடித்துக்கொண்டு பின்னால் வருவார் என்று சொல்லியிருந்தேன். அம்மாவிடம் நேரில் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று விமானத்தில் பதினைந்து விதமாக ஒத்திகை பார்த்திருந்தேன். எங்கள் தெருவில் விவாகரத்து என்பது சினிமாக்காரர்களுக்கு மட்டும் வருகிற வியாதி. அது தன் வீட்டுக்கே வந்துவிட்டது என்று தெரிந்தால் அம்மா வாசல் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்துவிடுவாள் என்று பயந்தேன். அப்பா போன பிறகு அவளுக்கு மிச்சம் இருந்தது அந்தத் தெருவும், அதில் நிமிர்ந்து நடப்பதும்தான்.

பெட்டியை வைக்கும் முன்பே, "மாலை எங்க?" என்றாள்.

ஒத்திகை பார்த்த பதினைந்தும் போன இடம் தெரியவில்லை. இரண்டு உண்மையில் சின்னதை எடுத்து நீட்டினேன். "ஏர்போர்ட்லயே எரிச்சுட்டாங்கம்மா."

"எரிச்சுட்டாங்களா! சாமி மாலையவா? இன்னா மனுஷங்கடி அவுனுங்க! துளசில இன்னா பூச்சி கீது? நம்ம வூட்ல தெனம் அத்தத்தான துன்றோம்?" என்று ஆரம்பித்தவள், ஆஸ்திரேலியா என்கிற கண்டத்தை இரண்டு நாள் நிற்கவைத்துத் திட்டினாள். காய்கறிக்காரர், மாடியில் குடியிருப்பவர்கள், மீட்டர் பார்க்க வந்தவர் எல்லோரிடமும் முறையிட்டாள். நான் தடுக்கவில்லை. மாலையைப் பற்றி அவள் பேசிக்கொண்டிருக்கும்வரை மாப்பிள்ளையைப் பற்றிய பேச்சு வராது. கடைசியில் தெரிந்தவர் ஒருவர் மூலமாகக் கோயில் பட்டரிடம் ஆள்விட்டுக் கேட்டாள். புது மாலை வாங்கிச் சேர்த்தால் போதும், பெருமாள் ஏற்றுக்கொள்வார், தம்பதி சமேதராக வரட்டும் என்று பதில் வந்தது. பெருமாளுக்கு அந்த அதிகாரியைவிடப் பெரிய மனசு.

இதற்கு நடுவில் எனக்கு உண்மையான ஆபத்து எட்டு வயது அனுதான். ஆயாவிடம், அதாவது என் அம்மாவிடம், வாயே திறக்காதே என்று அவளிடம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. குழந்தையைப் பொய் சொல்லப் பழக்கவா ஊருக்கு அழைத்து வந்தேன்? அவள் தன் உடைந்த தமிழில் ஆயாவிடம் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தாள். "அப்பா வீடுல நாய் இருக்கு. அம்மா வீடுல நாய் இல்லை. ஒரு வாரம் அங்கே தூங்குறேன், ஒரு வாரம் இங்கே தூங்குறேன்."

போச்சு என்று நினைத்தேன். அம்மாவோ முகமெல்லாம் சிரிப்பாக எதிர்வீட்டுக்குப் போனாள். "மாப்பிள்ள ரெண்டு வூடு வாங்கிக்கீறாராம். ஒண்ணு அவுரு பேர்ல, ஒண்ணு விமலா பேர்ல. ரெண்டையும் பூட்டிப் போடக்கூடாதுனு வாரத்துக்கு ஒரு வூட்ல போய் இருக்காங்க. பாப்பா சொல்லுச்சி" என்று அவள் சொல்வது ஜன்னல் வழியாகக் கேட்டது. அன்று சாயங்காலமே தெருவில் என் மதிப்பு ஏறிவிட்டது. நான் கடைக்குப் போனால் அண்ணாச்சி ஸ்டூல் எடுத்துப் போட்டார்.

கோயிலுக்குப் போகக் குறித்த வெள்ளிக்கிழமைக்கு முதல் நாள், ரவிக்கு லீவு கிடைக்கவில்லை, வரமாட்டார் என்று அம்மாவிடம் சொன்னேன். அதோடு திட்டம் ரத்தாகும், நிதானமாக உட்கார்ந்து மற்றதைச் சொல்லலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். அம்மா பீரோவைத் திறந்து ஒரு பட்டு அங்கவஸ்திரத்தை எடுத்தாள். முகூர்த்தத்தில் ரவி தோளில் போட்டிருந்தது. பத்து வருஷமாக ரசகற்பூர உருண்டை போட்டு வைத்திருந்திருக்கிறாள்.

"மாப்பிள்ள வரலனா இன்னா? அவுரு துணி கீது இல்ல? இத்த உன் முந்தானில முடிஞ்சிகினு சுத்து. அவுரே கூட வந்த மாதிரிதான்" என்றாள்.

ஆள் இல்லாமல் துணியோடு சுற்றுவது. யோசித்துப் பார்த்தால் என் கல்யாண வாழ்க்கைக்கு அதைவிடப் பொருத்தமான சடங்கு கிடைக்காது. ஆனால் அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.

4

பாபு அண்ணன் எங்கள் தெருவில் வாடகைக்கு இண்டிகா கார் ஓட்டுகிறவர். திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போய் அங்கிருந்து கடலோரச் சாலையில் திரும்பினார். நான் மாலை சூடிய காலத்தில் அது சாலை என்று பெயர் வைத்துக்கொண்ட மணல். இப்போது வழவழவென்று கிடக்க, சுங்கம் வசூலிக்கிறார்கள். இரண்டு பக்கமும் சிரிக்கிற குடும்பங்களின் படத்தோடு மனை விற்பனைப் பலகைகள். அனு முன்சீட்டிலிருந்து, "பாபு, நீ மெதுவா ஓட்டு" என்று உத்தரவு போட்டாள். இங்கிலீஷில் நீ, நீங்கள் எல்லாம் ஒரே சொல்தான் என்பதால் அவளுக்கு உலகமே சமவயசு. அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "வுடும்மா, பெரிய எடத்துப் பொண்ணு. ரெண்டு வூடு வச்சிகீறாங்க" என்றார் பாபு அண்ணன். சேதி அவர்வரை போயிருந்தது.

கோயிலுக்கு முன்னால் உயரமான கல்தூண்கள் நிற்கிற மண்டபம். அதைத் தாண்டினால் கோபுரம், பெரிதாக அண்ணாந்து பார்க்க வைக்காத கோபுரம். வாசலில் தொல்லியல் துறையின் நீலப் பலகை. இது பாதுகாக்கப்பட்ட சின்னம், சேதப்படுத்துகிறவர்கள் தண்டிக்கப்படுவார்கள் என்கிறது. பலகைமேலேயே ஒருவர் சாவியால் தன் பெயரையும் காதலியின் பெயரையும் கீறி வைத்திருந்தார். கல்யாணம் ஆகி வந்து மாலையைத் திருப்பிக் கொடுத்திருப்பார்கள் என்று நம்புகிறேன்.

மெல்பர்னில் நாங்கள் போகிற கோயில் சிமென்ட்டில் கட்டியது. கார் நிறுத்த இடம் போதாது என்று நகராட்சி முதலில் அனுமதி மறுத்தது. கொஞ்சம் அதிகமாகச் சூடம் ஏற்றினால் தீயணைப்பு அலாரம் அலறும். அங்கே வளர்ந்த அனு இங்கே கருங்கல் சுவரில் கையை வைத்து, "இது எல்லாம் ரியல் கல்லா?" என்று கேட்டாள். ரியல்தான். சோழர் காலத்து எழுத்து அடிச்சுவர் முழுக்க வரிவரியாக ஓடுகிறது. யாரோ விளக்கெரிக்க எழுதிவைத்தது, யாரோ நிலம் விட்டது. அதன்மேல் நேற்றைய பக்தர்கள் கை துடைத்த குங்குமமும் எண்ணெயும். அந்தக் கல்வெட்டை வரலாறு படித்த என்னால் ஒரு வரிகூட வாசிக்க முடியவில்லை. கல்லூரியில் வாங்கிய பட்டம் மெல்பர்னில் ஒரு வேலைக்கும் உதவவில்லை, இங்கேயும் உதவவில்லை என்று சரிசமமாக வருத்தப்பட்டுக்கொண்டேன்.

சன்னதியில் ஆதிவராகர் ஆளுயரத்தைவிடப் பெரியவர். பன்றி முகம், ஒரு காலை ஆதிசேஷன் தலைமேல் ஊன்றி, மடித்த இடது முழங்காலில் தாயாரைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். இடப்பக்கம் தாயாரை ஏந்தியதால்தான் ஊருக்கே அந்தப் பெயர் என்றார் பட்டர். உற்சவர் முகவாயில் ஒரு திருஷ்டிப் பொட்டு இயற்கையாகவே இருக்கிறது. தினமும் கல்யாணம் செய்துகொள்கிறவருக்குக் கண்படாமல் என்ன செய்யும்?

பட்டர் தலபுராணத்தைத் தட்டுத் தடங்கல் இல்லாமல் சொன்னார். ஒரு முனிவரும் அவருடைய மகளும் சொர்க்கம் போகத் தவம் இருந்தார்கள். அப்பாவுக்குச் சொர்க்கம் கிடைத்தது. மகளுக்கு வாசலிலேயே மறுத்துவிட்டார்கள். தவத்தில் குறை இல்லை, கல்யாணம் ஆகவில்லை என்பதுதான் குறை. எனக்கு இந்த இடம் நன்றாகப் புரிந்தது. நானே மனைவி விசாவில் போனவள். படிப்பு, பட்டம் எதையும் தூதரகத்தில் கேட்கவில்லை, கல்யாண ஆல்பத்தைத்தான் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தார்கள். அந்தப் பெண்ணுக்கு நாரதர் ஏஜென்ட் வேலை பார்த்து, காலவ ரிஷியைக் கல்யாணம் செய்துவைத்தார். முந்நூற்று அறுபது பெண்கள் பிறந்தார்கள். அவளுக்கு விசா கிடைத்து மேலே போய்விட்டாள். ரிஷி முந்நூற்று அறுபது பெண்களோடு கீழே நின்றார். பெருமாளை வேண்ட, அவர் பிரம்மச்சாரியாக வந்து நாளைக்கு ஒருத்தியாகக் கல்யாணம் செய்துகொண்டு, கடைசி நாளில் எல்லோரையும் ஒரே தாயாராக்கி இடப்பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

அனு கையைத் தூக்கினாள். பள்ளிக்கூடப் பழக்கம். "மத்த கேர்ள்ஸ் எங்கே போனாங்க?"

"எல்லாரும் ஒருத்தியாயிட்டா, கொழந்தே" என்றார் பட்டர்.

"அவங்களை யாராவது கேட்டாங்களா?"

பட்டர் "நல்ல கேள்வி" என்று அவளுக்கு மட்டும் கொஞ்சம் அதிகமாகத் துளசி கொடுத்தார். அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

5

வாங்கிப்போன புது மாலையைப் பெருமாளுக்குச் சாத்தித் திருப்பிக் கொடுத்தார்கள். பிராகாரத்துக்கு வந்தோம். மஞ்சள் கயிற்று ஈரம்கூட உலராத ஒரு புது ஜோடி எங்களுக்கு முன்னால் நின்றது, காய்ந்த மாலையோடு. பெண்ணின் அம்மா போலிருந்தவர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். "உங்க மாப்பிள்ள வரலீங்களா?"

"ஃபாரின்ல கீறாரு. லீவு குடுக்கல" என்று அம்மா பெருமையாகச் சொல்லிக்கொண்டே கூடையிலிருந்து அங்கவஸ்திரத்தை எடுத்தாள். என் முந்தானை நுனியைப் பிடித்து, பட்டின் நுனியோடு சேர்த்து முடிச்சுப் போட ஆரம்பித்தாள். ரசகற்பூர வாசனை மூக்கில் ஏறியது. அனு அந்தத் துணியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். இது அப்பாவுடையது, அப்பா இங்கே இல்லை, அம்மா ஏன் இதைக் கட்டிக்கொள்கிறாள் என்று அவள் கேட்கப்போகிறாள். வாயைத் திறந்தும் விட்டாள்.

"வேணாம்மா. அவுத்துடு" என்றேன்.

"இன்னாடி வேணாம்? சும்மா நில்லு."

"அவுத்துடுன்னு சொல்றேன் இல்ல? முடிய வேணாம்." என் குரல் கல்சுவரில் மோதித் திரும்பி வந்தது. "நாங்க ரெண்டு பேரும் சேந்து இல்லம்மா. ரெண்டு வருஷம் ஆச்சு. கோர்ட்லயும் முடிஞ்சிடுச்சு. அது ரெண்டு வீடு வாங்கினது இல்ல. ஒரு வீடு ரெண்டானது."

விமானத்தில் பார்த்த ஒத்திகை எதிலும் இந்த இடம் இல்லை. கோயில் பிராகாரத்தில், பட்டப்பகலில், முன்பின் தெரியாத ஒரு புது மாப்பிள்ளைக்கு முன்னால் சொல்லிவிட்டேன். அம்மா பாதி முடிந்த முடிச்சைப் பிடித்தபடியே நின்றாள். பாவி, வீட்டிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம் என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

அந்தப் பெண்ணின் அம்மா மெல்லத் தன் மகளை என்னிடமிருந்து ஓர் அடி தள்ளி நிறுத்திக்கொண்டார். "ஐயோ பாவம். மாலைய காலாகாலத்துல திருப்பிக் குடுத்திருந்தா இப்பிடி ஆயிருக்காது. சாமி விஷயம், வெளையாட்டா?" என்றார்.

அம்மா திரும்பினாள். செங்கல்பட்டுத் தண்ணீர் லாரி வரிசையில் மட்டும் நான் பார்த்திருக்கிற முகம் அது.

"இந்தாம்மா. சாமி இன்னா சொன்னாரு? கல்யாணம் பண்ணி வைக்கறேன்னாரு. பண்ணி வச்சாரு. கூடவே வந்து குடும்பம் நடத்தித் தரேன்னு சொன்னாரா? எங்கனா எழுதிக் கீதா? அவுரு வேலய அவுரு ஒயிங்கா செஞ்சிட்டாரு. அதுக்கு மேல நடந்ததுக்கு அவுர ஏன் இஸ்துகினு வர்ற? எம் பொண்ண ஏன் இஸ்துகினு வர்ற? உம் பொண்ணு நல்லா இருக்கட்டும். நீ சுத்திட்டுப் போ."

அந்த அம்மாள் சுற்றப் போய்விட்டார். புது மாப்பிள்ளை போகிறபோக்கில் என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். எதற்கு என்று தெரியவில்லை, ஆனால் நன்றாக இருந்தது.

அம்மா முடிச்சை அவிழ்த்தாள். பட்டைச் சுருட்டிக் கூடைக்குள் தேங்காய்மூடிக்கு அடியில் திணித்தாள். பிறகு மாலையின் ஒரு முனையைத் தான் பிடித்துக்கொண்டு இன்னொரு முனையை என்னிடம் நீட்டினாள்.

"புடி. பண்ணிக்கினது நீ, பண்ணி வச்சது நானு. நாம்ப ரெண்டு பேரும் குடுப்போம்."

"ஜோடியாத்தானேம்மா குடுக்கணும்?"

"நாம்பளும் ரெண்டு பேருதான? நட."

சுற்றினோம். வெயில் ஏறிக் கல் சுட்டது. அம்மாவுக்கு மூட்டுவலி, நான்காவது சுற்றிலிருந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அனு இங்கிலீஷில் எண்ணிக்கொண்டே முன்னால் ஓடினாள். பின்பக்கத்து மரத்தடியில் மாலைகள் குவிந்து கிடந்தன, வரம் கேட்டவர்களுடையது எல்லாம் சருகாகி. எங்களுடையது மட்டும் பச்சையாக, வண்டு மொய்க்க, அன்றுதான் கல்யாணம் ஆனவர்களுடையது மாதிரிக் கிடந்தது. அம்மா கும்பிட்டாள். நானும் கும்பிட்டேன். எதை வேண்டிக்கொள்வது என்றுதான் தெரியவில்லை.

6

திரும்பும்போது அம்மா கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாபு அண்ணன் கண்ணாடியில் ஒருதரம் பார்த்துவிட்டு ரேடியோவை நிறுத்தினார். அனு என் மடியில் தூங்கிப்போனாள். நெம்மேலி வந்தது, போயிற்று. இனி தெருவில் என்ன சொல்வது என்று அம்மா யோசிக்கிறாள் என்று நினைத்தேன். இரண்டு வீட்டுக் கதையை எப்படித் திரும்ப வாங்குவது, எதிர்வீட்டுக்காரர்கள் முகத்தில் எப்படி விழிப்பது. அவள் எதைச் சொல்லச் சொன்னாலும் சொல்லிவிடலாம், சிட்னி மாற்றல் என்றுகூடச் சொல்லலாம் என்று மனசுக்குள் தயாராகிவிட்டேன்.

"ரெண்டு வருஷமா?" என்றாள் அம்மா, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி.

"ஆமாம்மா."

"ஞாயித்துக்கெழம ஆனா நீ போன் பண்ணுவ. மாப்பிள்ள சவுக்கியமானு கேப்பேன். சவுக்கியம்னு சொல்லுவ. பாப்பா சவுக்கியமானு கேப்பேன். சவுக்கியம்னு சொல்லுவ. பில்லு ஏறுதேன்னு வச்சிடுவேன்."

"ஆமா."

"நீ சவுக்கியமானு ஒரு நாளும் நான் கேக்கலியேடி."

எதற்கும் வாயில் தயாராக ஒரு நக்கல் வைத்திருப்பவள் நான். இந்தக் குறிப்பை இதுவரை படித்தவர்களுக்கு அது தெரிந்திருக்கும். அன்று தேடிப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை.

அம்மா முகத்தை என் பக்கம் திருப்பினாள். "இப்பக் கேக்கறேன். நீ சவுக்கியமா கீறியா?"

"இல்லம்மா" என்றேன்.

அம்மா முன்சீட்டைத் தட்டினாள். "பாபு, வண்டிய கொஞ்சம் ஓரமா நிறுத்துப்பா. எம் பொண்ணு அழுவட்டும்."